அம்மாவின் பல்லுக்கு வந்து சேராத பசை

தம்பி,

புதன்கிழமை நீ போனில் அழுதபோது நான் போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டேன். என்ன மனுஷன் இவர் என்று நினைத்திருப்பாய். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. எதை முதலில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. குரலில் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். இப்போது போடிமெட்டுக்கு மேலே, எஸ்டேட் ஸ்டோர் பக்கத்தில் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சிலமலையிலும் போடியிலும் ஏற்றி வந்த பெண்களை ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிட்டாயிற்று. அவர்கள் காய் எடுத்துவிட்டு மேலேறி வர சாயங்காலம் ஆகும். அதுவரை எனக்குச் சோலி இல்லை. மடியில் உன் காலேஜ் நோட்டு ஒன்று இருக்கிறது. கடைசிப் பக்கங்கள் காலியாக இருந்தன.

இத்தனை வருஷமாக நீ செய்துகொண்டிருந்த பசையை மனிதர்களின் பல்லில் வைத்துப் பார்க்க அனுமதி வந்துவிட்டது என்றாய். முதல் ஆள் அடுத்த மாதம் வருகிறார் என்றாய். நான் சந்தோஷப்பட வாயெடுப்பதற்குள், "அம்மாவுக்கு ஒதவாதத வச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்ணப் போறேன்? விட்டுட்டு வந்துர்றேன். போடியில ஒரு கிளினிக் போட்டு ஒக்காந்துக்கிறேன்" என்று உடைந்துவிட்டாய். அன்றைக்கு அம்மா கேட்டபோது உன் பசையை அவள் பல்லில் வைக்க மறுத்துவிட்டாயே, அதை நினைத்துத்தான் நீ அழுகிறாய் என்று எனக்குத் தெரியும். வரவேண்டுமா, அங்கேயே இருக்கவேண்டுமா என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் உனக்குத் தெரியாத சங்கதிகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் நீ எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

முதல் சங்கதி, மதுரையில் நடந்தது. உன் அம்மாவின் கன்னத்துக்குள் ஆறாத புண் இருந்ததும், அது என்ன என்று தெரிந்ததும், ஆபரேஷன் ஆனதும் உனக்குத் தெரியும். அப்போது நீ பல் மருத்துவம் சேர்ந்து இரண்டாம் வருஷம். அந்தப் புண்ணுக்குக் காரணமான புகையிலையை வாராவாரம் கடையில் வாங்கிவந்து கொடுத்தவன் நான்தான் என்பதும் உனக்குத் தெரியும். உன் அம்மா மாதிரி மழையிலும் பனியிலும் குனிந்து காயெடுக்கிற பெண்கள் எல்லாரும் அதை வாயில் அடக்கிக்கொள்வார்கள். குளிரும் தெரியாது, பசியும் தெரியாது. நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஆபரேஷன் முடிந்து, புற்றுக்குக் கதிர் பாய்ச்சுகிற அந்தக் கரண்டு வைக்க வேண்டும் என்று தேதி கொடுத்தபோது, அந்தப் பெரிய டாக்டர் ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். "இதக் கொண்டுபோய் பல் டிபார்ட்மென்ட்ல காட்டுங்க. கரண்டு வச்சதுக்கப்புறம் பல்லப் புடுங்கக் கூடாது. கெட்ட பல்லு இருந்தா இப்பவே எடுத்துட்டு வந்துருங்க" என்றார்.

நான் அந்தச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பல் பார்க்கிற இடம் வேறு கட்டடத்தில் இருந்தது. அங்கே போனபோது வரிசை வாசல் படியையும் தாண்டி நின்றது. உன் அம்மாவால் நிற்க முடியவில்லை. கட்டுப்போட்ட கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். கடைசி வண்டிக்கு நேரமாகிவிட்டது. எனக்கு வந்த யோசனை இதுதான்: உயிர் போகுமா இருக்குமா என்று இருக்கும்போது பல்லைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? "பல்லு கெடக்கட்டும் வா, வெரசா போயிருவோம்" என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் போகலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாள் கரண்டு ஆரம்பமாகிவிட்டது. பல் காட்டியாச்சா என்று அங்கே கேட்டார்கள். காட்டியாச்சு என்று தலையாட்டினேன். நீ போனில் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். உன்னுடைய படிப்பு பற்றிய விஷயம் அது. உன்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அந்த நிமிஷமே பஸ் ஏறி வந்திருப்பாய். அதனால்தான் உன்னிடம் பொய் சொன்னேன். உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தேன்.

பிறகு நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். புண் ஆறியது, ஆனால் வாயில் எச்சில் வற்றிப்போனது. ஒரு வாய் இட்லி தின்ன ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டியிருந்தது அவளுக்கு. எச்சில் என்பது துப்பித் தள்ளுகிற ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். பல்லைக் காத்துக்கொண்டிருந்தது அதுதான் என்று நீ சொல்லித்தான் தெரிந்தது. ஒரு வருஷத்துக்குள் அவள் பற்கள் ஈறு ஓரத்தில் சுற்றிலும் பழுப்பாகி, பிறகு கறுத்து, அடிப்பக்கம் அறுத்துவிட்ட மரம் மாதிரி நின்றன. நீ கடைசி வருஷம் படிக்கும்போது அவளை உன் காலேஜுக்கே கூட்டிப்போய், உன் கையாலேயே எட்டுப் பல்லை அடைத்தாய். அன்றைக்கு அவள் திரும்பி வந்ததும் கண்ணாடியைக் கையில் எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை. "எம்மகன் வச்சது, கொண்டா வெளிச்சத்த" என்று பக்கத்து வீட்டில் எல்லாம் வாயைத் திறந்து காட்டினாள்.

அடுத்த பொங்கலுக்கு நீ வந்தபோது பின்வாசலில் வெயிலில் அவளை உட்காரவைத்து வாயைப் பார்த்தாய். நான் கதவருகில் நின்றிருந்தேன். நீ அடைத்த எட்டில் நாலின் ஓரத்தில் மறுபடி கறுப்பு இறங்கியிருந்தது. ஒன்று முழுசாகக் கழன்று விழுந்திருந்தது. நீ வெகுநேரம் அந்தச் சின்னக் கண்ணாடியை அவள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தை அவளுக்குக் காட்டக் கூடாது என்பதற்காகத்தான் அது என்று எனக்குப் பட்டது. பிறகு என்னிடம் வந்து விளக்கினாய்.

"அடைச்ச சிமெண்டு நல்லாத்தாம்பா இருக்கு. அதப் பல்லோட ஒட்ட வைக்கிற பசைதான் விட்டுப்போகுது. ஓரத்துல மயிரிழை மாதிரி ஒரு இடுக்கு விழுது. அதுக்குள்ள கிருமி போய் ஒக்காந்துக்கிருது."

"மலைரோட்டுல தாரு ஒட்டுப் போடுறாகளே, அது மாதிரியா? நடுவுல ஒண்ணும் ஆகாது. ஓரத்துலதான் தண்ணி எறங்கிப் பேந்துரும்."

"அதேதாம்ப்பா. எச்சி இருக்குற வாயின்னா கொஞ்சம் தாங்கும். அம்மா வாயி தாங்காது."

அன்றைக்குத்தான் அந்தப் பசையைப் பற்றிச் சொன்னாய். வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்காமல், அந்த ஓரத்துக்கு வருகிற கிருமியைக் கொல்லவும் வேண்டும்; கரைந்துபோகிற பல்லுக்குச் சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்; அப்படி ஒன்றைச் செய்வதற்காக மேல்படிப்புக்குப் போகிறேன் என்றாய். போடியில் கிளினிக் வைப்பாய் என்று நாங்கள் கட்டியிருந்த கோட்டை அன்றோடு போயிற்று. ஆனால் நான் வருத்தப்படவில்லை. நீ யாருக்காக அதைச் செய்யப் போகிறாய் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. நீ அவளுக்காக வேலை செய்ய ஆரம்பித்த அன்றே, சட்டைப் பையில் கிடந்த சீட்டைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாள் ஆக ஆக இன்னும் சொல்ல முடியாமல் போனது.

இரண்டாவது சங்கதி, அந்தச் சின்னக் கறுப்புக் குப்பியைப் பற்றியது. நீ மதுரையில் ஒரு காலேஜில் கிருமிச் சோதனைக்குக் கொடுப்பதற்காகச் சென்னையிலிருந்து கொண்டுவந்தாய். திங்கட்கிழமைதான் அங்கே வாங்குவார்கள் என்பதால் சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்தாய். நம் ஃபிரிட்ஜில் வெண்டைக்காய்ப் பைக்குப் பக்கத்தில், ஒரு டப்பாவுக்குள் டப்பா வைத்து அதைப் பத்திரப்படுத்தினாய். அது என்ன என்று அம்மா கேட்டாள். நீ சொன்னாய். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அப்போது அவளுக்கு இடது கீழ்ப்பக்கக் கடைவாய்ப் பல் ஆட்டம் காண ஆரம்பித்திருந்தது.

"அப்பு, அத எனக்கு வச்சு விடுடா" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பேச்சு குழறும். நமக்கு மட்டும் புரியும்.

"இல்லம்மா. இது இன்னும் ஆளுக்கு வைக்கிற மருந்து இல்ல."

"நான் ஆளு இல்லையா? எனக்கு என்ன ஆயிரும் இனிமே?"

"கிருமியக் கொல்றது பல்லுக்குள்ள இருக்குற உசிரையும் கொல்லலாம்மா. ஒம்வாயி ஏற்கெனவே கரண்டு பட்ட வாயி. என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. தெரியாதத ஒனக்கு வைக்க மாட்டேன்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டது நான். "பெத்தவளுக்கு ஆகாத படிப்பு படிச்சு என்னத்துக்கு? ஊரான் வாய்க்கு வைக்கப் போறியா?" என்று கத்தினேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாய். நீ போன திசையையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நீ குளிக்கப் போன நேரத்தில் நான் ஃபிரிட்ஜைத் திறந்தேன். குப்பியை அப்படியே எடுத்தால் உனக்குத் தெரிந்துவிடும் என்று, சொட்டு மருந்து வந்த காலிக் கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கழுவித் துடைத்து, அதில் பாதியை ஊற்றிக்கொண்டேன். மஞ்சள் கலந்த தேன் மாதிரி இருந்தது. உன்னுடையதை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். நான் எடுத்ததை ஜீப்பில் ஸ்டியரிங்குக்கு முன்னால், கண்ணாடி ஓரமாக வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற பல் டாக்டரம்மாவிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவர் வருவதற்கு நேரமானது. வெயில் நேராக அடித்தது. நான் நிழலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா வந்ததும் குப்பியைக் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே இருந்தது அசையவில்லை. திருப்பிக் கவிழ்த்தார். அப்போதும் அசையவில்லை. கண்ணாடியோடு கண்ணாடியாக உறைந்துபோயிருந்தது.

"என்னண்ணே இது? எங்க வாங்குனீங்க?"

"எம்மகன் செஞ்சது. எம்பொஞ்சாதி பல்லுக்கு வைக்கணும் டாக்டரம்மா."

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. குப்பியைத் தட்டில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "இது வெளிச்சம் பட்டா கெட்டியாயிரும்ணே. அதுக்குத்தான் கறுப்புக் குப்பியில வைக்கிறது. நாங்க பல்லுல தடவிட்டு நீல லைட்டு அடிக்கிறோம்ல, இறுகட்டும்னுதான். நீங்க வெயில்ல வச்சுட்டீங்க." பிறகு, "இறுகாம கொண்டாந்திருந்தாலும் நான் வச்சிருக்க மாட்டேன்" என்றார். அந்தக் குப்பியை வரும் வழியில் சாக்கடையில் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை நீ கிளம்பும்போது குப்பியை எடுத்து ஆட்டிப் பார்த்தாய். பாதிதான் இருந்தது. "அப்பா, இத யாராச்சும் தொட்டீங்களா?" என்று கேட்டாய். "எனக்கென்னப்பா தெரியும்" என்றேன். நீ என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாய். பிறகு டப்பாவுக்குள் டப்பாவை வைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாய். இருந்த அளவு பற்றாமல் சோதனை பாதியில் நின்றதும், குப்பி கைதவறிக் கொட்டிவிட்டது என்று உன் பேராசிரியரிடம் சொல்லி நீ திட்டு வாங்கியதும், மறுபடியும் முதலிலிருந்து செய்ய மாதக்கணக்கில் ஆனதும் பிறகு உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளிடம் நீ சொல்லியிருக்கிறாய். என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள்: எடுத்தது நான்தான்.

அந்தக் கடைவாய்ப் பல் நிற்கவில்லை. ஆடி மாதக் காற்றில் கன்னம் வீங்கி, காய்ச்சல் கண்டு, வாயைத் திறக்க முடியாமல் ஆன பிறகு மதுரைக்குக் கொண்டுபோனோம். நீயும் வந்தாய். பிடுங்காவிட்டால் சீழ் கழுத்துக்கு இறங்கும் என்றார்கள். பிடுங்கினால் கரண்டு பட்ட எலும்பு ஆறாமல் போகலாம் என்றார்கள். கையெழுத்துப் போடச் சொல்லி என்னிடம் தாளை நீட்டியபோது நான் உன்னைப் பார்த்தேன். நீ இத்தனை படித்தவன், ஏதாவது மூன்றாவது வழி சொல்லுவாய் என்று பார்த்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கையெழுத்துப் போட்டேன். பிடுங்கினார்கள். குழி இன்னும் மூடவில்லை. உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. ஒவ்வொரு தடவை போகும்போதும் கழுவிவிட்டு, பார்ப்போம், பொறுப்போம் என்கிறார்கள். கஞ்சியும் கரைத்த இட்லியும்தான் அவளுக்குச் சாப்பாடு. மேல்பல் எல்லாம் ஒவ்வொன்றாக முறிந்துவிட்டது. கீழே முன்னால் ஆறு இருக்கிறது.

என் யோசனை எங்கே போய் நிற்கிறது என்று உனக்குத் தெரியுமா? அன்றைக்கு நான் அந்தக் குப்பியைத் தொடாமல் இருந்திருந்தால் உன் சோதனை நிற்காமல் போயிருக்கும். அந்த மாதங்கள் வீணாகியிருக்காது. அனுமதி முன்னாலேயே வந்திருக்கும். இந்தப் பல் தப்பியிருக்கும். மலை ஏறும்போதும் இறங்கும்போதும் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அந்த டாக்டரம்மாவிடமே போய்க் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "முன்னாலயே வந்திருந்தாலும் மொதல்ல திடமான ஆளுகளுக்குத்தாண்ணே வைப்பாங்க. கரண்டு வச்ச வாயிக்கு மொத மொதல்ல எவனும் வைக்க மாட்டான். ஒங்க மகன் சொன்னது சரிதான்." எனக்கு ஆறுதலாகச் சொன்னார். ஆனால் எனக்கு ஆறுதலாக இல்லை. நான் செய்த தப்புகூட ஒன்றையும் மாற்றவில்லை என்றால், நான் எதைப் பிடித்துக்கொண்டு அழுவது? சீட்டு மட்டும்தான் மிச்சம். அன்றைக்கு அந்த வரிசையில் அவளை உட்காரவைத்து நான் நின்றிருந்தால் கெட்டுப்போகிற பல்லை அப்போதே எடுத்திருப்பார்கள். அதற்குப் பதில் சொல்ல யாரும் இல்லை.

ஆகையால் நீ உன்மேல் போட்டுக்கொண்டிருக்கிற பழியில் உனக்குப் பங்கு இல்லை. அன்றைக்கு நீ மறுத்தாயே, நம் மூன்று பேரில் அப்போது சரியாக நடந்துகொண்டவன் நீ ஒருத்தன்தான். அதைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. நான் உன்னை மன்னிக்கச் சொல்லவில்லை. மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் அந்தக் குழி மூடப்போவதில்லை. உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டு உன் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான்.

இன்று காலை சாப்பாட்டுத் தூக்கை வாங்கும்போது உன் அம்மாவிடம் சொன்னேன், தம்பிக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்று. அவள் ஆச்சரியப்படவில்லை. "ஃபிரிட்ஜு கதவு தெறக்குற சத்தம் எனக்குக் கேக்காதா?" என்றாள். இவ்வளவு காலம் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள். சீட்டைப் பற்றியும் சொன்னேன். அவள் அடுப்பைத் தணித்தாள். "என்னால அன்னிக்கு நிக்க முடியலைல்ல" என்றாள். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாளா, அவளுக்கே அப்படித்தான் தோன்றியதா, தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கிளம்பும்போது ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இன்னும் ஏதாவது எழுதணுமா என்று கேட்டேன். வேலையை விட்டுவிட்டு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அவள் குழறலை மட்டும் விட்டுவிட்டு:

"அடுத்த மாசம் மொத ஆளு வர்றாகளாம்ல. வாயத் தொறந்துட்டா அவுகளால பேச முடியாது. வலிக்குதா, வலிக்குதான்னு கேட்டுக்கிட்டே இருக்கக் கூடாது, பதில் சொல்ல முடியாம கண்ணுல தண்ணிதான் வரும். ஒக்காந்த ஒடனே சொல்லிரணும், வலிச்சா கையத் தூக்குங்கன்னு. தூக்குனா நிப்பாட்டணும். பாதி வேலையா இருந்தாலும் நிப்பாட்டணும். அவங்கிட்டச் சொல்லுங்க."

அப்பா